பசங்களுக்காகத்தான்!

டூர் அப்பாவுக்குத் தனக்கென்று ஆசை எதுவும் கிடையாது. அவரே சொல்வார். ஊட்டிக்குப் போவதும், மலை ரயிலில் ஜன்னலோரம் உட்காருவதும், தொட்டபெட்டா உச்சியில் தொலைநோக்கியைப் பிடித்துக்கொண்டு பின்னால் நிற்கும் வரிசையை மறந்துபோவதும் எல்லாமே "பசங்களுக்காகத்தான்". ஆபீசில் லீவு கேட்கும்போதும் இதே வசனம்தான். "இந்த வெயில்ல எங்க மாப்ளே கிளம்பிட்டீங்க?" என்று மாமியார் கேட்டாலும் இதே வசனம்தான்.

மேற்படி பசங்களில் பெரியவனுக்கு ஏழு வயது, சின்னவளுக்கு நாலு. அவர்களை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பெரியவன் தெருமுனை கிரிக்கெட்டையும், சின்னவள் பாட்டி ஊரில் இருக்கும் கன்றுக்குட்டியையும் சொல்லியிருப்பார்கள். முன்பதிவு செய்ய வழியில்லாத எதையும் டூர் அப்பா டூர் என்று ஒப்புக்கொள்வதில்லை.

அவருடைய கோடை விடுமுறை மார்ச் மாதமே தொடங்கிவிடும். ரயில் முன்பதிவுக்கு ஒரு காலத்தில் 120 நாள் அவகாசம் இருந்தது. 2024 நவம்பர் 1 முதல் அது 60 நாளாகச் சுருங்கிவிட்டது. இந்தச் சுருக்கம் தன்னைக் குறிவைத்தே நடந்ததாக அவர் நம்புகிறார். குறித்த நாளன்று காலை ஏழரைக்கே குளித்து, நெற்றியில் திருநீறு பூசி, லேப்டாப்பில் ஒன்றும் செல்போனில் ஒன்றுமாக இரண்டு ஜன்னல்களைத் திறந்துவைத்துக்கொண்டு எட்டு மணிக்காகக் காத்திருப்பார். அந்த நேரத்தில் வீட்டில் மிக்ஸி ஓடக்கூடாது. "பெரியவனுக்குப் பரீட்சைத் தேதியே இன்னும் சொல்லலையேங்க" என்று மனைவி கேட்டால், கண்ணை எடுக்காமலே பதில் வரும்: "டீச்சர்கிட்ட நீ பேசிக்கோ."

டிக்கெட் விதிகள் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். ஐந்து வயதுக்குக் கீழே இருந்தால் டிக்கெட் வேண்டாம், பர்த்தும் இல்லை. ஐந்திலிருந்து பதினொன்று வரை பர்த் கேட்டால் முழுக் கட்டணம், வேண்டாமென்றால் பாதி. 2016 ஏப்ரல் 21-க்கு முன்னால் பாதிக் கட்டணத்திலேயே முழு பர்த் கிடைத்தது என்பதையும், தன் மகன் சற்று முந்திப் பிறந்திருக்கலாம் என்பதையும் அவர் வருத்தத்தோடு குறிப்பிடுவார். சின்னவளுக்கு இலவசம் என்றதும் முகம் மலரும். ரயில்வே அவளுக்குக் கொடுக்காத பர்த்தை அம்மாவிடமிருந்து அவளே எடுத்துக்கொள்வாள் என்பது கணக்கில் வராது.

நீலகிரி எக்ஸ்பிரஸ் இரவு ஒன்பது மணி வாக்கில் சென்னை சென்ட்ரலை விட்டுக் கிளம்பும். அரக்கோணம் தாண்டுவதற்குள் சின்னவள் கீழ் பர்த்தில் குறுக்காகப் படுத்துவிடுவாள். அம்மா ஓரத்தில் அரை ஆளாகத் தொத்திக்கொண்டு, ஒரு கையால் குழந்தையையும் மறுகையால் சங்கிலியையும் பிடித்தபடி ஜோலார்பேட்டை, சேலம், ஈரோடு என்று ஒவ்வொரு ஸ்டேஷனையும் விழித்திருந்து வழியனுப்புவாள். டூர் அப்பா மேல் பர்த்தில். "லக்கேஜை மேலேருந்து ஒரு ஆள் பாத்துக்கணும்ல." லக்கேஜ் எல்லாம் கீழ் சீட்டுக்கு அடியில் இருக்கிறது. காலையில் கொட்டாவி விட்டபடி இறங்கி வந்து, 2022 மே மாதம் லக்னோ மெயிலில் தாயின் பர்த்தோடு குழந்தைக்கென்று ஒரு சின்ன பர்த்தைச் சோதனையாகப் பொருத்திப் பார்த்த செய்தியைச் சொல்வார். "நல்ல ஐடியால்ல?" என்பார். சிவந்த கண்ணோடு அவள் அவரைப் பார்ப்பாள்.

இங்கே ஒரு பையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். டூர் அப்பாவின் திட்டம் எக்ஸெல் தாளில் இருக்கிறது. டூர் நடப்பது அம்மாவின் தோளில் தொங்கும் பையில். காய்ச்சல் சிரப், அதற்கான மூடி, தெர்மாமீட்டர், ஓ.ஆர்.எஸ். பாக்கெட், இரண்டு குல்லா, ஒரு காலுறை (ஜோடி வீட்டிலேயே தொலைந்துவிட்டது), மிளகாய்ப்பொடி தடவிய இட்லி, மிளகாய்ப்பொடி தடவாத இட்லி, பாட்டி மந்திரித்துக் கொடுத்த எலுமிச்சம்பழம். பெரியவன் "அம்மா, மூக்கு" என்றால், திரும்பிப் பார்க்காமலே கை உள்ளே போய்க் கைக்குட்டையோடு வரும். இதே பையில் டூர் அப்பா சார்ஜரைத் தேடினால் இட்லிதான் கிடைக்கும்.

மேட்டுப்பாளையத்தில் காலை 7.10-க்கு மலை ரயில். இந்த இடத்தில் டூர் அப்பா மனிதப் பிறவியாக இருப்பதை நிறுத்திவிட்டு வழிகாட்டிப் பலகையாகிவிடுவார். குன்னூர் வரை 1899-லேயே வண்டி ஓடியது, ஊட்டிக்கு நீண்டது 1908-ல், யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது 2005-ல், மொத்தம் 46 கிலோமீட்டர், 16 குகைகள், 250 பாலங்கள். கல்லாறில் தொடங்கும் பல்சக்கரத் தண்டவாளத்தைக் காட்ட ஜன்னல் வழியே பாதி உடம்பு வெளியே போயிருக்கும். என்ஜின் முன்னால் இழுக்காமல் பின்னாலிருந்து தள்ளுகிறது என்று சொல்லும்போது குரல் தழுதழுக்கும்.

"அப்பா, இது எப்ப வேகமாப் போகும்?"

"போகாதுடா. அதான் ஸ்பெஷலே."

46 கிலோமீட்டருக்கு ஏறத்தாழ ஐந்து மணி நேரம். பெரியவன் மனதுக்குள் வகுத்துப் பார்த்து, தன் சைக்கிளை நினைத்துப் பெருமைப்பட்டுக்கொள்வான். சின்னவளுக்கு வேறு கவலை. இந்த உலகப் பாரம்பரிய வண்டிக்குள் கழிப்பறை கிடையாது. என்ஜினுக்குத் தண்ணீர் பிடிக்க நிற்கிற ஸ்டேஷன்களில் போய்வந்தால்தான் உண்டு. அந்த நேரத்தில் கேட்டால் "வரலை" என்பாள். வண்டி கிளம்பி அடுத்த வளைவில் திரும்பியதும், "அம்மா, வருது." அடுத்த ஸ்டேஷன் எத்தனை நிமிடம் என்று அம்மா கேட்டால், டூர் அப்பா பாதையின் சரிவு 12 அடிக்கு ஓர் அடி என்று பதில் சொல்வார்.

ஹில்குரோவில் குரங்குகள் ஏறிவந்து மிளகாய்ப்பொடி தடவாத இட்லியைக் கொண்டுபோய்விடும். தடவியதைக் கொண்டுபோயிருந்தால் நியாயமாக இருந்திருக்கும்.

ஆனால் குகை வரும்போது டூர் அப்பாவைப் பார்க்க வேண்டும். இருட்டியதும் பெட்டி முழுக்கக் கத்தும். அது அந்த வழியின் மரபு. பிள்ளைகள் முதல் மூன்று குகைகளுக்குக் கத்திவிட்டு அலுத்துவிடுவார்கள். பதினாறுக்கும் விடாமல் கத்துவது ஒரே ஒரு குரல்தான். வெளிச்சம் திரும்பும்போது, வாயை மூட மறந்த அந்த முகத்தைப் பார்த்தால், இந்த டூர் யாருக்காக என்பதை யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

அவர்மேல் கொஞ்சம் இரக்கமும் காட்டலாம். அவருடைய அப்பா அவரைக் கூட்டிப்போன டூர் எல்லாமே மொட்டையில் முடிந்தவை. பழனி, சமயபுரம், திருப்பதி, இடையில் குலதெய்வம். குடும்ப ஆல்பத்தில் எட்டு வயது வரை அவருக்கு முடியே கிடையாது; சந்தனம் பூசிய தலையோடு, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்பார். ஊட்டியைப் பார்த்தது சினிமாவில். கேத்தி ஸ்டேஷன் வந்தால் அவர் எழுந்து நின்றுவிடுவது அதனால்தான். "டேய், இங்கதாண்டா மூன்றாம் பிறை கிளைமாக்ஸ் எடுத்தாங்க. 1982!" பெரியவன் பணிவாகக் கேட்பான்: "அதுல யார் ஜெயிச்சா?"

ஆனால் அந்த மொட்டைப் பயணங்களில் ஒரு வசதி இருந்தது. ஒரு வேனில் பதினெட்டுப் பேர் போனார்கள். அழுகிற குழந்தை அம்மாவிடமிருந்து அத்தைக்கும், அத்தையிடமிருந்து சித்திக்கும் போய், கடைசியில் பின்சீட்டுத் தாத்தாவின் மடியில் தூங்கிவிடும். காது குத்துவதற்கு மாமா மடி கொடுத்தார். புளியோதரையைப் பெரியம்மா பார்த்துக்கொண்டாள். குழந்தை யார் பொறுப்பு என்ற கேள்விக்கே இடமில்லை. இப்போது இரண்டு பெரியவர்கள், இரண்டு குழந்தைகள், அந்தப் பெரியவர்களிலும் ஒருவர் போட்டோ எடுத்துக்கொண்டிருக்கிறார்.

வழியில் உதவிகள் வராமலில்லை. 2015-ல் தமிழக அரசு பேருந்து நிலையங்களில் பாலூட்டும் அறைகளைத் திறந்தது. அரசுப் பேருந்தில் மூன்று வயது வரை இருந்த இலவசப் பயணம் 2022-ல் ஐந்து வயதாக உயர்ந்தது. ஆனால் டயப்பர் மாற்றும் பலகையைப் பெரும்பாலும் பெண்கள் கழிப்பறையில்தான் வைக்கிறார்கள். சின்னவள் கைக்குழந்தையாக இருந்தபோது டூர் அப்பா இந்த அநீதியைக் கண்டித்து நிறையப் பேசினார். "நான் மாத்த மாட்டேன்னா சொல்றேன்? எங்களுக்கு எங்கம்மா இடம் வெச்சிருக்காங்க?" சிஸ்டம் திருந்தும்வரை கதவுக்கு வெளியே செருப்புகளைக் காவல் காத்தார்.

ஊட்டியில் அவருடைய எக்ஸெல்படி தாவரவியல் பூங்காவுக்கு இரண்டரை மணி நேரம். 1848-ல் தொடங்கிய பூங்கா. உள்ளே 2 கோடி ஆண்டுப் பழமையான கல்மரம் ஒன்று இருக்கிறது. மே மாதக் கூட்டத்தில் முண்டியடித்துப் பிள்ளைகளை அதன் முன்னால் நிறுத்தினார். "2 கோடி வருஷம்!" சின்னவள் கல்மரத்தைப் பார்த்தாள். பிறகு அதன் வேலிக் கம்பியில் ஊர்ந்துகொண்டிருந்த ஒரு கம்பளிப்பூச்சியைப் பார்த்தாள். மீதி இரண்டு மணி இருபது நிமிடமும் அங்கேதான். மண்டியிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, அது கம்பியின் முனைக்கு வந்து முன்னால் போக வழியின்றித் தலையைத் தூக்கித் தடவிப் பார்ப்பதை அவளும் பெரியவனும் கவனித்தார்கள். "வாங்கடா, ரோஸ் கார்டன் டைம் ஆச்சு" என்று அப்பா இரண்டு முறை கத்தினார். அம்மா ஓரமாகப் புல்லில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். சென்னையை விட்டுக் கிளம்பியதிலிருந்து அவளிடம் யாரும் எதுவும் கேட்காத முதல் நேரம் அது. பூச்சி இன்னும் நீளமான கம்பியில் ஏறியிருக்கலாம் என்று அவள் நினைத்திருக்கக்கூடும்.

லேக் வியூவுக்கென்று கூடுதல் பணம் கொடுத்து எடுத்த அறையில் ஜன்னல் திரையை யாரும் விலக்கவில்லை. இன்டர்காமில் 9 அழுத்தினால் ஒரு மாமா "சொல்லுங்க சார்" என்பார் என்பதைப் பெரியவன் கண்டுபிடித்துவிட்டான். பால் காய்ச்ச, நூடுல்ஸ் கொதிக்கவைக்க, சின்னவளின் சட்டையை உலர்த்த என்று அம்மா ஹோட்டல் கெட்டிலைச் சுற்றி ஒரு சமையலறையையே நிறுவியிருந்தாள்.

இறங்குவதற்கு டாக்சி. சீசனில் குன்னூர் வழியாக ஏறச் சொல்வார்கள், கோத்தகிரி வழியாக இறங்கச் சொல்வார்கள். பெரியவனை மடியில் வைத்துக்கொண்டு முன்சீட்டில் உட்கார டூர் அப்பா முயன்றார், "வியூ நல்லா தெரியும்" என்று. டிரைவர் சாவியைத் திருகவில்லை. "பெல்ட் போடாம பையன் உக்காந்தா ஆயிரம் ரூபா ஃபைன் சார். பின்னாடி விடுங்க." 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது, பதினான்கு வயது வரை. பின்னால் போன பெரியவன் கையில், சும்மா இருக்கட்டுமே என்று அப்பா தன் போனைக் கொடுத்தார்.

வளைவுகளில் திரையைப் பார்த்துக்கொண்டே போன பெரியவனுக்குக் குமட்டத் தொடங்கியது. இந்தக் குமட்டல் இரண்டு வயதிலிருந்து பன்னிரண்டு வயது வரைதான் அதிகம். வண்டி திரும்புகிறது என்று உள்காது சொல்கிறது. திரையில் பதிந்த கண்ணோ எதுவும் அசையவில்லை என்கிறது. தீர்ப்புச் சொல்ல முடியாத மூளை வயிற்றைக் காலி செய்யச் சொல்லிவிடுகிறது. அம்மாவுக்கு இந்த விஞ்ஞானம் தெரியாது. பெரியவனின் மேலுதடு வெளுப்பது தெரியும். "போனைக் கீழ வை. தூரத்துல அந்த மலையைப் பாரு. என்னங்க, கவர்!" நீலகிரியில் பிளாஸ்டிக் கவருக்குத் தடை. அப்பா சட்டத்துக்குக் கட்டுப்பட்டு, வர்க்கி வாங்கிய காகிதப் பையை நீட்டினார். காகிதம் எவ்வளவு தாங்கும் என்பதை அடுத்த வளைவில் அவருடைய பேண்ட் தெரிந்துகொண்டது. "முன்னாடியே சொன்னா ஓரம் கட்டியிருப்பேனே சார்" என்றார் டிரைவர், எத்தனையோ மே மாதங்களைப் பார்த்த குரலில்.

வீடு வந்த மூன்றாம் நாள், துவைத்த துணி மலைபோலக் கட்டிலில் கிடக்கும்போதே அவர் ஆரம்பித்துவிட்டார். "அடுத்த வருஷம் எங்க போலாம்?"

"நீங்க பசங்களைக் கூட்டிட்டு எங்க வேணா போய்ட்டு வாங்க. நாலு நாள் நான் இங்க தனியா இருக்கேன். எனக்கு அதான் டூர்."

அவள் சிரிக்கவில்லை. டூர் அப்பாவும் பின்வாங்கவில்லை. "ஏன், என்னால முடியாதா?" லேப்டாப் வந்தது, புதிய எக்ஸெல் தாள் திறந்தது. "சொல்லு, பையில என்னென்ன வைக்கணும்?"

அவள் மடித்துக்கொண்டே சொன்னாள். "சின்னவளுக்கு அந்த மஞ்சள் டம்ளர். வேற எதுல குடுத்தாலும் பால் குடிக்க மாட்டா. ராத்திரி ஒரு தடவை எழுப்பி பாத்ரூம் கூட்டிட்டுப் போகணும், பதினொண்ணுலேருந்து பதினொண்ணரைக்குள்ள. முந்தினா வராது, பிந்தினா வந்துடும். பெரியவன் புது ஊர்ல ரெண்டு நாளைக்கு வெளிக்குப் போக மாட்டான். கேட்டா போய்ட்டேன்னு பொய் சொல்லுவான். பொய் சொன்னா இடது காதைத் தொடுவான், அதைப் பாத்துக்கங்க. அப்புறம்..."

"இரு, இரு. இதை எந்தக் கட்டத்துல போடறது?"

அவள் அடுத்த சட்டையை எடுத்தாள். அவர் கொஞ்ச நேரம் திரையையே பார்த்துவிட்டு, தாளைச் சேமிக்காமலே மூடினார்.

"எல்லாருமா கொடைக்கானல் போய்டலாம். பசங்க கொடைக்கானல் பாத்ததே இல்ல. ஆனா மேல வரைக்கும் ரயில் கிடையாது, கார்லதான் போகணும். ஊட்டி மாதிரியே அங்கேயும் காருக்கு இ-பாஸ் எடுக்கணும்" என்றவர், பெரிய பொறுப்பைத் தோளில் ஏற்றிக்கொள்கிறவராகச் சொன்னார்: "அதை நான் பாத்துக்கறேன்."