நெய்வேலியில் 420 பட்டம் பெறுவது எப்படி?

முதலில் தகுதியைப் பார்த்துவிடுவோம். வாய்க்கு வந்ததை அளப்பவர் வெறும் டுபாக்கூர். ஃபோர்ட்வென்டி அதைவிடப் பெரிய பதவி. இந்தியத் தண்டனைச் சட்டம் 420ஆவது பிரிவுப்படி, ஏமாந்தவர் தன் கையாலேயே பொருளை எடுத்துக் கொடுத்திருக்க வேண்டும். பிடுங்கினால் அது வேறு பிரிவு, மரியாதையும் குறைவு. 1955இலேயே ராஜ் கபூர் இந்த எண்ணுக்கு 'ஸ்ரீ' போட்டுப் படம் எடுத்துவிட்டார்.

நெய்வேலியில் தொழில் தொடங்க ஒரு சொல் போதும்: 'பர்மனென்ட்'. 1956இல் பழுப்பு நிலக்கரி நிறுவனம் வந்ததிலிருந்து சுற்றுவட்டாரத்தில் எத்தனையோ குடும்பங்கள் நிலத்தைக் கொடுத்துவிட்டு இந்தச் சொல்லுக்காகக் காத்திருக்கின்றன. அப்பா காண்ட்ராக்டிலேயே காலத்தை ஓட்டிவிட்டார். மகனுக்காவது பர்மனென்ட், டவுன்ஷிப்பில் குவார்ட்டர்ஸ். இந்த ஆசையை நீங்கள் உண்டாக்க வேண்டியதில்லை. பழுப்பு நிலக்கரி போல அது அடியில் கிடக்கிறது, மேல்மண்ணை நீக்கினால் போதும்.

கழுத்தில் அடையாள அட்டைக் கயிறு தெரியட்டும், அட்டை சட்டைப்பைக்குள் இருக்கட்டும். அதிகாரி யாரையும் பெயர் சொல்லாதீர்கள். 'ஜிஎம் சார்' என்றால் போதும். பொறியாளர் வேலைக்கு கேட் தேர்வு மதிப்பெண் கேட்கிறார்களாமே என்று பையன் இழுத்தால், உங்களுக்குத் தெரிந்த ஒரே கேட் நெய்வேலி ஆர்ச் கேட்தான். இணையதளத்தில் அறிவிப்பு வரும் என்பவரிடம், "அதெல்லாம் கண்துடைப்புங்க" என்று சிரியுங்கள். பணத்தை உங்களுக்கென்று கேட்கக் கூடாது. "மேல கொடுக்கணும்." மேலே என்றால் எந்த மாடி என்று கேட்க யாருக்கும் தோன்றாது.

பட்டம் உடனே கிடைக்காது, முகத்துக்கு நேராகக் கிடைக்கவே கிடைக்காது. டீக்கடையில் நீங்கள் எப்போதோ ஃபோர்ட்வென்டி ஆகியிருப்பீர்கள். எதிரே வந்தால் மட்டும், "அண்ணே, நம்ம பையன் ஆர்டர் எப்போ வரும்ணே?" திட்டிவிட்டால் வர வேண்டியதும் வராமல் போய்விடுமோ என்ற பயம். போலீசுக்குப் போகலாம்தான். ஆனால் எதற்காகப் பணம் கொடுத்தாய் என்று ஸ்டேஷனில் கேட்பார்களே! அந்தக் கூச்சம்தான் உங்கள் முன்ஜாமீன்.

ஒரு தொழில்முறைச் சிக்கல்: 2024 ஜூலை 1 முதல் நடக்கும் மோசடிகளுக்கு பாரதிய நியாய சன்ஹிதா 318(4)தான். தண்டனை அதே ஏழாண்டு வரை. சீனியர்களின் பழைய வழக்குகளுக்கு மட்டும் பழைய எண். நாக்கு இன்னும் புது எண்ணுக்கு மாறவில்லை. "சரியான த்ரீ எயிட்டீன் ஃபோர்" என்று யாரையாவது திட்டிப் பாருங்கள், பஸ் நம்பர் என்று நினைத்துக்கொள்வார்கள்.

கடைசியாக, ஏமாந்தவர் பணத்தைத் திருப்பிக் கேட்டு வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்தால் செக் எழுதிக் கொடுத்து அனுப்பிவிடத் தோன்றும். வேண்டாம். அது பவுன்ஸ் ஆனால் மாற்றுமுறை ஆவணச் சட்டம் 138. இரண்டாண்டு வரை உள்ளே போகலாம், ஆனால் அந்த எண்ணைச் சொல்லி உங்களை யாரும் கூப்பிடப்போவதில்லை.