சூரியன் வராத ஊருக்குப் போகலாமா?

கே: நோர்வேயின் வட கோடியில் மீன் பக்டறி வேலை இருக்கிறதாம். நம்மவர் அங்கே தாக்குப்பிடித்திருக்கிறார்களா? (வாசகர், கட்டைபறிச்சான்)

ப: நன்றாகவே! குருநகர் அன்ரனி இராஜேந்திரம் 1956இலேயே நோர்வே போய்ச் சேர்ந்தவர். வடக்குக்குக் கூட்டமாகப் போனது 1980களில், போருக்குத் தப்பிய இளைஞர்கள். ஃபின்மார்க் கரையில் வார்டோ, போட்ஸ்ஃபியோர்ட், ஹமர்ஃபெஸ்ட் போன்ற ஊர்களில் மீன் வேலைக்கு ஆள் தேவைப்பட்டது. கீழே விளக்கு எரியும் கண்ணாடி மேசை. அதன்மேல் கொட் மீனின் சதையை விரித்தால் முள்ளும் புழுவும் நிழலாகத் தெரியும். கத்தி முனையால் அதை எடுத்துவிட்டு அடுத்த துண்டு, அதற்கடுத்த துண்டு. வீட்டில் மீன் கழுவியும் அறியாத பிள்ளைகள் நாள் முழுக்க நின்று இதைச் செய்து, ஊரில் தங்கச்சிமாரைக் கரைசேர்த்தார்கள். அவர்களைக் கும்பிட வேண்டும்.

கே: விசிட் விசாவில் போனால் அங்கே வேலை விசாவுக்கு மாற்றலாம் என்கிறார் ஏஜென்சிக்காரர். காசு கட்டலாமா? (வாசகர், மூதூர்)

ப: கட்டாதீர்கள் தம்பி. இன்று அந்த மேசைகளில் நிற்பவர்களில் பலர் லித்துவேனியா, போலந்துக்காரர். அவர்களுக்கு விசாவே தேவையில்லை. அப்படியிருக்க உங்களைத் தேடி மூதூருக்கு ஏன் ஆள் வருகிறார்? வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் இருக்கிறதா என்று கேளுங்கள். வேலை தரும் கொம்பனியின் ஒப்பந்தத்தைக் காட்டச் சொல்லுங்கள். ஆள் எழும்பிப் போய்விட்டால் உங்கள் காணி உறுதி தப்பியது.

கே: மகன் அங்கே போக நிற்கிறான். குளிர்தானே பெரிய கஷ்டம்? (ஒரு தாய், தோப்பூர்)

ப: குளிரைவிட இருட்டு அம்மா. அத்திலாந்திக்கின் வெந்நீரோட்டம் தொடுவதால் ஹமர்ஃபெஸ்ட் துறைமுகம் பனிக்காலத்திலும் உறைவதில்லை. உள்நாட்டுக் கராஷோக் வேறு கதை. 1886இல் அங்கே குளிர் பூச்சியத்துக்குக் கீழே 51 பாகைக்கு இறங்கியது. ஆகவே கரையோரமா உள்நாடா என்று முதலில் கேளுங்கள். ஹமர்ஃபெஸ்டில் நவம்பர் பிற்பகுதியில் மறையும் சூரியன், ஜனவரி பிற்பகுதியில்தான் முகம் காட்டும். மத்தியானம் கொஞ்ச நேரம் நீல வெளிச்சம், அவ்வளவுதான். தூக்கம் கெடும், மனம் சோரும். நம் நிறத்துக்கு விற்றமின் டி இன்னும் குறையும். மீனெண்ணெய் குடிக்கச் சொல்லுங்கள். போனில் “சாப்பிட்டியா” என்பதோடு “இண்டைக்கு வெளியே போனியா, யாரோடு கதைச்சாய்” என்றும் கேளுங்கள்.

கே: கோடையில் சூரியன் மறையாதாமே. நோன்பு திறப்பது எப்படி? (வாசகர், மூதூர்)

ப: ட்ரொம்சோ நகரத்து முஸ்லிம்கள் பலர் மக்கா நேரத்தைப் பார்த்துப் பிடித்து, அதே நேரத்தைப் பார்த்துத் திறக்கிறார்கள். இரவு பகல் உள்ள கிட்டிய ஊரின் நேரத்தைப் பின்பற்றலாம் என்ற உலமாக்களும் உண்டு. 2015இல் ரமழான் ஜூன், ஜூலையில் வந்தபோது நள்ளிரவு வெயிலில் தராவீஹ் தொழுதார்கள். 2030இல் ரமழான் இருமுறை வரும், ஜனவரியிலும் டிசம்பர் கடைசியிலும். அப்போது சில நோன்புகள் சூரியனே எழாத நாட்களில்! போகுமுன் நம் மௌலவியிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள், மனம் ஆறும்.

கே: கருவாடு கிடைக்குமா? (வாசகி, கிண்ணியா)

ப: கிடைக்கும், உப்பில்லாமல். லொஃபோட்டன் தீவுகளில் கொட் மீனை இரண்டிரண்டாக வாலில் கட்டி, பெப்ரவரி முதல் மே வரை மரச்சட்டங்களில் தொங்கவிடுவார்கள். குளிர்காற்றே காயவைக்கும். விறகு மாதிரி இருக்கும். நாட்கணக்கில் ஊறவைக்காமல் சட்டியில் போட்டுவிடாதீர்கள்.

கே: பிள்ளைகளின் படிப்பை யோசித்தால், நேரே ஒஸ்லோவில் இறங்குவது புத்தி இல்லையா? (வாசகர், சம்பூர்)

ப: ஃபின்மார்க் தமிழர் பலரும் பின்னர் தெற்கே இறங்கினார்கள். நோர்வேக்காரரே அங்கே நிற்க மாட்டார்கள் என்றுதான் 1990 முதல் அந்தப் பக்கத்துக்கு வரிச்சலுகையும், அங்கே இருந்து வேலை செய்வோருக்குப் படிப்புக் கடனில் வருடாவருடம் தள்ளுபடியும் கொடுக்கிறது அரசு. ஆனாலும், உங்களுக்கு வாய்ப்பு வந்தால் முதல் சில வருடங்களைச் சின்ன ஊரிலேயே கழியுங்கள் என்பேன். ஒஸ்லோவில் தமிழ்க்கடை, தமிழ்க் கோயில், தமிழ்ச் சிநேகிதர் என்று மொழி நாவில் ஏறாமலே காலம் ஓடிவிடும். சின்ன ஊரில் கடைக்காரியோடும் பிள்ளையின் ஆசிரியரோடும் பேசியே ஆகவேண்டும். 1660இல் நம் கொட்டியாரத்தில் பிடிபட்ட ஆங்கிலேய மாலுமி ரொபர்ட் நொக்ஸ், சிங்களம் பேசி, தொப்பி பின்னி விற்றுக் கண்டியரசில் பத்தொன்பது வருடம் பிழைத்தார். அவர் கைதி, உங்களுக்குத் திரும்பிவர டிக்கெட் உண்டு. இன்னொன்று, குடும்பத்தை டிசம்பரில் கூப்பிடாதீர்கள். மே மாதம் கூப்பிடுங்கள். மனைவி இருட்டைப் பார்க்குமுன் அயலவர் நாலு பேரைப் பழகிவிடுவார்.