‘கேங்’கைகொண்ட சோழபுரம்

எங்கள் ஊர்ப் பெயரை ஆங்கிலத்தில் எழுதினால் முதல் நான்கு எழுத்து ஜி, ஏ, என், ஜி. கேங். அதாவது கும்பல், ரவுடி, அரிவாள். ஆயிரம் வருஷமாக யாருக்கும் உறைக்காத இந்த உண்மை, எங்கள் வட்டாரத்துப் பள்ளி ஒன்றின் கம்ப்யூட்டர் லேபில் இருந்த வடிகட்டி மென்பொருளுக்கு உறைத்துவிட்டது.

அண்ணன் மகளுக்கு உள்ளூர் வரலாறு பற்றி ஒரு புராஜெக்ட். ஊர்ப் பெயரை அடித்தாள். திரை சிவந்து, வன்முறைச் சொல், அனுமதி இல்லை என்றது. சரி, ஊர் வேண்டாமென்று ராஜேந்திர சோழனின் போர்களைத் தேடினாள். அது ஆயுதப் பிரிவாம். கோயில் சிற்பங்களைத் தேடினாள். சிற்பங்கள் சட்டை போடாமல் நிற்கின்றன அல்லவா, அது இன்னொரு பிரிவு. 1025-லேயே கடாரத்துக்குக் கப்பல் விட்டவனின் மண்ணில் ஒரு பெண் பிள்ளையால் லேப் வாசலைத் தாண்ட முடியவில்லை. யுனெஸ்கோ இந்தக் கோயிலை உலகப் பாரம்பரியச் சின்னமாக 2004-இல் ஏற்றுக்கொண்டது. மென்பொருள் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறது.

இந்தத் துன்பத்தில் நமக்குத் துணை உண்டு. 1996-இல் இங்கிலாந்தின் ஸ்கன்தார்ப் ஊர்க்காரர்கள் ஏஓஎல் நிறுவனத்தில் கணக்குத் தொடங்கப் போனபோது, ஊர்ப் பெயர் அசிங்கமாக இருப்பதாகச் சொல்லி மறுத்துவிட்டது அதன் கம்ப்யூட்டர். பெயருக்குள் ஒரு கெட்ட வார்த்தை ஒளிந்திருக்கிறது. எதுவென்று நான் சொன்னால் இந்தக் கட்டுரையும் பள்ளியில் திறக்காது.

யார் இதை முடிவு செய்தது என்று விசாரிக்கக் கிளம்பினேன். தலைமையாசிரியர், “மேலேருந்து வந்ததுங்க” என்றார். கம்ப்யூட்டர் டீச்சர், “நெட் போட வந்த தம்பி செட் பண்ணிட்டுப் போனதுங்க” என்றார். தம்பி ஜெயங்கொண்டத்தில் சிசிடிவி கடை வைத்திருக்கிறார்.

“நான் ஒண்ணும் பண்ணலண்ணே. டப்பாவுலயே அப்படித்தான் வந்துச்சு. ஸ்ட்ரிக்ட், மீடியம், லோன்னு மூணு கேட்டுச்சு. ஸ்கூலாச்சேன்னு ஸ்ட்ரிக்ட்ட அமுக்கிட்டேன்.”

“சரி, பாஸ்வேர்டு?”

“பழைய போன்ல ஏத்தி வச்சிருந்தேண்ணே. அது முந்திரிக்கொல்லைக் கிணத்துல விழுந்துடுச்சு.”

ஆக, ஒரு பள்ளிக்கூடமே எதைப் படிக்கலாம் என்ற கொள்கை முடிவு இப்போது தண்ணீருக்கடியில் இருக்கிறது.

கேட்காமல் முடிவெடுப்பது எங்கள் ஊருக்குப் புதிதல்ல. 1836-இல் அணைக்கரையில் கீழணை கட்ட, இந்தக் கோயில் மதிலின் கருங்கல்லைப் பெயர்த்துக்கொண்டு போனார்கள். ஊரார் எதிர்த்தார்கள். பதிலுக்குச் செங்கல்லில் மதில் எடுத்துத் தருவதாகச் சமாதானம் சொன்னார்கள். வெள்ளைக்கார இன்ஜினீயராவது அணை ஒன்றைக் கட்டிவிட்டுப் போனார். நம் தம்பி ஒரு பட்டனை அமுக்கிவிட்டுப் போனார்.

தடையே கூடாது என்று வாதாட நான் வரவில்லை. ஆபாசமும் சூதாட்டமும் ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு எதற்கு? பதினாறு வயதுக்குக் குறைந்தவர்களுக்குச் சமூக ஊடகக் கணக்கு கூடாது என்ற சட்டத்தை ஆஸ்திரேலியா 2025 டிசம்பரில் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அதேபோல இங்கும் யோசிக்கலாம் என்று நம் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையும் அந்த மாதமே மத்திய அரசுக்குச் சொன்னது. கேரளத்தில் வேறு மாதிரி. கோழிக்கோடு பக்கத்துக் கல்லூரி விடுதி ஒன்றில் மாணவிகள் மாலை ஆறு முதல் பத்து வரை செல்போன் தொடக்கூடாது என்று விதி வைத்தார்கள். ஒரு மாணவி வழக்குப் போட்டார். இணையம் கல்வி உரிமையிலும் அந்தரங்க உரிமையிலும் சேர்ந்தது என்று 2019-இல் கேரள உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. பிள்ளைகளின் நெட்டைப் பற்றி நீதிபதிகள் எல்லாம் தலையைப் பிய்த்துக்கொள்கிறார்கள். எங்கள் தம்பிக்கு மூன்று விநாடி போதுமாக இருந்தது.

பெரிய இடத்திலும் கை தவறுவதுண்டு. 2017-இல் இரண்டு இந்திப் படங்களின் திருட்டுப் பிரதியைத் தடுக்க சென்னை உயர் நீதிமன்றத்தில் வாங்கிய ஆணைகளில் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட தளங்கள் மாட்டின. பழைய தமிழ்ப் புத்தகங்களைத் தேடுகிறவர்கள் பொழுதன்றைக்கும் போய் நிற்கும் இன்டர்நெட் ஆர்க்கைவும் அதில் ஒன்று. சினிமாவுக்கு வீசிய வலையில் நூலகம் சிக்கியது.

என் மனத்தாங்கல் வேறு. சோழன் காலத்தில் ஒரு விளக்குக்கு எத்தனை ஆடு, எந்த நிலத்துக்கு வரி இல்லை என்பதையெல்லாம் கோயில் சுவரிலேயே வெட்டிவைத்தார்கள். ராஜேந்திரன் கொடுத்ததை அவன் மகன் வீரராஜேந்திரன் இந்தக் கோயிலில் கல்லில் எழுதிவைத்ததை இன்றைக்கும் படிக்கலாம். அரசாங்கம் இணையதளங்களைத் தடுப்பதற்கான 2009-ஆம் வருஷத்து விதிகளில் பதினாறாவது விதியோ, வந்த புகாரையும் எடுத்த நடவடிக்கையையும் பரம ரகசியமாக வைக்கச் சொல்கிறது. பள்ளிக்கூடத்துப் பட்டியலுமா ரகசியம்? எதைத் தடுத்தோம், ஏன் தடுத்தோம், யார் சொல்லித் தடுத்தோம் என்று நோட்டீஸ் போர்டில் ஒட்டினால் என்ன? கல்லில் வெட்ட வேண்டாம், ஏ-ஃபோர் தாள் போதும்.

இதற்கென்று ஒரு சபையும் இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டப்படி அமைந்த பள்ளி மேலாண்மைக் குழு. முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். நானும் அதில் ஒரு உறுப்பினன் என்பதால் கூட்டத்தில் எழுந்து விஷயத்தைச் சொன்னேன்.

“யூடியூபையே மூடுங்க சார், புள்ளைங்க கெட்டுப்போவுது” என்றார் ஒரு அப்பா. சொல்லும்போதே அவர் சட்டைப் பையிலிருந்து வடிவேலு பேசிக்கொண்டிருந்தார்.

“மூடிட்டா எம்பொண்ணு கணக்க எங்க பாத்துப் படிக்கும்? டியூசன் காசு நீங்க குடுக்கறீங்களா?” என்று ஒரு அம்மா எழுந்தார். அரை மணி நேரம் அனல் பறந்தது. கடைசியில் பட்டியலை ஒட்டலாம், மாசம் ஒரு தடவை திருத்தலாம், தடை தவறென்று பட்டால் பிள்ளைகள் எழுதிப் போட ஒரு பெட்டி வைக்கலாம் என்று ஒருவழியாக முடிவானது.

அம்மாவோடு வந்திருந்த ஒன்பதாம் வகுப்புப் பெண் கையைத் தூக்கினாள். குழுவில் அவளுக்கு ஓட்டு கிடையாது. இருந்தாலும் தலைமையாசிரியர், “சொல்லும்மா” என்றார்.

“பசங்க எல்லாம் வி.பி.என். போட்டு ரீல்ஸ் பாக்கறாங்க சார். பிளாக்கு எங்களுக்கு மட்டுந்தான் வேல செய்யுது. அப்புறம் சார், ரீல்சுக்கு லேபுல தடை இருக்குல்ல, அதே தடைய ஸ்டாஃப் ரூமுக்கும் போட முடியுமா?”

தலைமையாசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு அடுத்த பொருளான கழிப்பறைக் குழாய் விவாதத்துக்கு வந்தது. ஆசிரியர்கள் எல்லோரும் அதை ஒருமனதாக ஆதரித்தார்கள்.