அக்கா மகனும் 253 வாட்டும்

அக்கா மகன் நேற்று ராத்திரி என் வீட்டு ஏர்கானை 18 டிகிரிக்கு இறக்கிவிட்டு, என்னிடமே வந்து போர்வை கேட்டான். குளிர்ந்தால் ஏற்றி வையேன்டா என்றேன். "எனக்கில்லை மாமா, சிபியூவுக்கு" என்றான்.

அவனுடைய கம்ப்யூட்டர் என் வீட்டு ஹாலில்தான் குடியிருக்கிறது. அக்கா வீட்டில் இடமில்லையாம். உள்ளே இருப்பது கோர் ஐ9-14900கே. பேச்சுக்கு 125 வாட். முறுக்கேறினால் 253 வாட் வரை இழுக்கும். இரண்டு எண்ணும் இன்டெல்லே விவரப் பட்டியலில் போட்டிருப்பவைதான், யாரும் இரண்டாவதைப் படிப்பதில்லை. கிராபிக்ஸ் கார்டும் சேர்ந்தால் 500 வாட் சர்வசாதாரணம். அத்தனையும் கடைசியில் சூடாகி என் ஹாலுக்குள்தான் வருகிறது. கூலர் சூட்டை ஒழிப்பதில்லை. சிப்பிடமிருந்து வாங்கி மனுஷன் மேல் ஊதுகிறது, அவ்வளவுதான். அதை ஏர்கான் வாங்கி, வெளியே தொங்கும் கம்ப்ரஸர் வழியாக மேல்மாடிக்காரரின் மூங்கில் கம்பில் காயும் துணிமேல் ஊதுகிறது. அவர் லிப்டில் என்னைப் பார்த்து முறைக்கிறார்.

எந்தக் கூலர் வாங்கலாம் என்று கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன் பேஸ்ட் விவகாரத்தை முடித்துவிடலாம்.

சிப்பின் தலைக்கும் கூலரின் அடிக்கும் நடுவே கண்ணுக்குத் தெரியாத மேடுபள்ளங்கள். அங்கே காற்று நின்றால் சூடு கடக்காது. அதை அடைக்கத் துளி பேஸ்ட். விஷயம் இவ்வளவுதான். ஆனால் எப்படி இடுவது? அங்கேதான் சமயம் ஆரம்பிக்கிறது. நடுவில் பட்டாணி அளவுக்குப் பொட்டு வைப்பவர்கள் ஒரு கட்சி. நெட்டுக்கு ஒரே கோடு இழுக்கும் திருமண்காரர்கள் ஒரு கட்சி. படுக்கையாக மூன்று கோடு போட்டு நெற்றியை நிறைப்பவர்கள் உண்டு. பெருக்கல் குறி போடும் புதுச் சமயத்தார் உண்டு. இதெல்லாம் ஆகாது, அட்டையால் வழித்து முழுசாகச் சந்தனக்காப்பு சாத்தினால்தான் சித்தி என்பவர்களும் உண்டு. வடகலை தென்கலைச் சண்டையே தேவலாம், அதில் இரண்டே கட்சி. நம் சிங்கப்பூரின் சிராங்கூன் ரோட்டில் வீரமாகாளியம்மனும் சீனிவாசப் பெருமாளும் எத்தனையோ காலமாக ஒரே தெருவில் சமாதானமாக இருக்கிறார்கள். பத்து நிமிஷம் நடந்து சிம் லிம் ஸ்குவேருக்குப் போங்கள், பேஸ்ட் ட்யூபைக் கையில் எடுங்கள். பொட்டு போதும் என்பார் கடைக்காரர். பக்கத்தில் மவுஸ் வாங்க வந்தவர், கேட்காமலே, ஓரம் காய்ந்துவிடும் என்பார். அவருடைய நண்பர் போனில் படம் காட்டுவார். நம் பையன் எல்லார் உபதேசத்தையும் கேட்டுக்கொண்டு வருவான். வந்து ஒரு சமயத்தில் சேருவான். மறுவாரம் ஐசோப்ரோபைல் ஆல்கஹாலில் நெற்றியைத் துடைத்துவிட்டு அடுத்த சமயத்தில் தீட்சை பெறுவான். கூலரை வைத்துத் திருகை முடுக்கினால் எல்லா நாமமும் நசுங்கி ஒன்றாகத்தான் போகிறது. வித்தியாசம் பார்த்தால் ஓரிரு டிகிரி. அந்த ஓரிரு டிகிரிக்கு அவன் வைக்கும் பெயர் "சாதனை".

வெளிநாட்டு விமர்சனக்காரர்கள் வேறு அவனைக் கெடுத்து வைத்திருக்கிறார்கள். அவர்கள் 21 டிகிரி அறையில் உட்கார்ந்து "75 டிகிரிதான்" என்று மெச்சுவார்கள். எந்த விசிறிக் கூலரும் அறைக் காற்றைவிடக் கீழே சிப்பை இறக்காது. நம் வீவக வீட்டு மத்தியானத்தில் அறையே 31. அந்த 75 இங்கே 85தான். பத்து டிகிரிக்காக இவன் மூன்று நாள் சாப்பாட்டில் நாட்டம் இல்லாமல் திரிந்தான்.

சிப்புகளின் இந்தப் பசி ஒரே நாளில் வந்ததல்ல. 1993இல் வந்த முதல் பென்டியத்துக்கு 15 வாட் அளவில் போதும். 2004இல் பென்டியம் 4 நூறு வாட்டைத் தாண்டியது. அதே ஆண்டு, 4 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4 திட்டத்தை இன்டெல் கைவிட்டது. இப்படியே போனால் சிப்பின் சூட்டு அடர்த்தி அணு உலை, ராக்கெட் நாசில், சூரியப் பரப்பு என்று ஏறிவிடும் என்று இன்டெல்லின் பேட் கெல்சிங்கர் 2001இலேயே மேடையில் எச்சரித்தார். யார் கேட்டது? 2022இல் வந்த ரைசன் 9 7950எக்ஸ், பாரம் ஏறினால் 95 டிகிரியில் ஓடும்படியே வடிவமைக்கப்பட்டது என்று ஏஎம்டி சாவகாசமாகச் சொல்லிவிட்டது.

பிரதமரானதும் முதலில் செய்த காரியங்களில் ஒன்று அரசு அலுவலகங்களில் ஏர்கான் போட்டது என்று லீ குவான் இயூ சொன்னார். மனிதர்கள் வேலை செய்யட்டும் என்பதற்காக! இப்போது இயந்திரங்களின் முறை. 2020இல் நாட்டின் மின்சாரத்தில் சுமார் 7 விழுக்காடு தரவு நிலையங்களுக்கே போனது. அதற்கு முன்பே, 2019இல், புதிய நிலையங்களுக்கு அனுமதியை நிறுத்திவைத்து, 2022இல்தான் திறந்தார்கள். 2023இல் அரசு அமைப்பான ஐஎம்டிஏ வெளியிட்ட தர அளவுகோல், நம் ஊர் வெயிலுக்கு ஏற்றபடி 26 டிகிரியிலோ அதற்கு மேலோ வைத்து ஓட்டப் பழகுங்கள் என்கிறது. தரவு நிலையத்து சர்வர் கூட்டமே 26இல் பிழைத்துக்கொள்ளும். என் ஹாலில் இருக்கும் ஒற்றை ராஜகுமாரனுக்கு 18 வேண்டும்.

இத்தனைக்கும் இவன் அதில் என்ன செய்கிறான்? விளையாட்டை நிறுத்திவிட்டான். விளையாடினால் சூடேறுகிறதாம். திரையின் மூலையில் துடிக்கும் அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். நீங்களும் பார்க்கிற ஆள்தான், தெரியும்.

பயாஸில் போய் 125 வாட்டோடு நிறுத்தி வையேன், விளையாட்டில் வேகம் குறைந்ததே தெரியாது என்று சொல்லிப் பார்த்தேன்.

"அப்புறம் எதுக்கு மாமா ஐ9 வாங்கினோம்?"

பாதிப் பணம் என்னுடையது. 500 வாட்டை எட்டு மணி நேரம் ஓட்டினால் 4 யூனிட், யூனிட் ஏறத்தாழ 30 காசு, தினம் 1 வெள்ளி 20 காசு. ஏர்கான் கணக்கு தனி. அதற்கெல்லாம் முழுப் பணமும் என்னுடையது. இப்போது 360 மில்லிமீட்டர் தண்ணீர் கூலர் வேண்டும் என்கிறான். மேல்மாடிக்காரரிடம் போய்க் கேள் என்றேன்.