பொட்டி பொட்டியாய் எழுத்து: சேந்தமங்கலம் ஜெராக்ஸ் கடைக் கணினியை முன்வைத்துச் சில குறிப்புகள்

சேந்தமங்கலத்து ஜெராக்ஸ் கடை ஒன்றில் விண்டோஸ் எக்ஸ்பி இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது. 2001-இல் வெளிவந்து, 2014 ஏப்ரல் 8-இல் மைக்ரோசாஃப்ட் கைகழுவிய பதிப்பு அது. செல்போனில் தமிழில் தட்டி மெயிலில் அனுப்பிய மனுவை அதில் திறந்தால் திரை முழுக்கச் சின்னச் சின்னச் சதுரங்கள். "பொட்டி பொட்டியாத்தானுங்க வருது" (கடைத் தம்பி, வாய்மொழி, டீக்கு முன்). இச்சதுரங்கள் குறித்துத் தமிழ்கூறும் நல்லுலகம் இதுகாறும் மௌனம் காத்தமை வருந்தத்தக்கது.

திரைக்கோளாறு மூவகைப்படும்.

பாமினி ஃபாண்ட் இல்லாத கணினியில் பாமினிக் கோப்பைத் திறந்தால் தமிழெல்லாம் ஆங்கில எழுத்தாகி, புள்ளி இருந்த இடத்தில் அரைப்புள்ளி நிற்கும். இதில் ஆராய ஒன்றுமில்லை.

அடுத்தது கொம்புப் பிறழ்ச்சி. யூனிகோடு மெய்யை முன்னும் கொம்பைப் பின்னுமாகவே சேமிக்கும். இடம் மாற்றி வரைவது கணினியின் வேலை. அந்த வேலை தெரியாத கணினியில் 'சேந்தமங்கலம்' தன் இரட்டைக் கொம்பை ச-வுக்குப் பின்னால் தொங்கவிட, அது ந-வின் தோளில் தொற்றிக்கொள்கிறது. 'கொல்லிமலை'யின் கடைசி ஐகாரக் குறிக்குத் தொற்றவும் ஆளில்லை.

மூன்றாவதே நம் ஆய்வுப்பொருள். யூனிகோடு ஃபாண்ட் அறவே இல்லாதபோது ஒவ்வொரு குறியீட்டுக்கும் ஒரு சதுரம் விழும். சேந்தமங்கலம் எட்டு எழுத்து, சதுரமோ 12. புள்ளி மூன்றும் ஏகாரக் குறி ஒன்றும் தனிச் சதுரம் கேட்பதால் மிகுதி நான்கு (தம்பி, டீக்குப் பின், திருத்திய பதிப்பு). கொல்லிமலை ஐந்து எழுத்து, ஒன்பது சதுரம். இங்கும் மிகுதி நான்கு! கல்வெட்டில் தேய்ந்துபோன இரண்டு எழுத்தை வைத்துக்கொண்டு ஒரு வம்சத்தையே எழுப்பும் அறிஞர்கள் வாழும் நாட்டில், நான்கு முழுச் சதுரங்களை வைத்து அடிவாரச் சேந்தமங்கலமும் கொல்லிமலையும் வல்வில் ஓரியின் ஒரே ஆட்சியில் இருந்தன என்று நிறுவத் தடையேதும் இல்லை. 'நாமக்கல்'லுக்கு மிகுதி மூன்றுதான். அது இடைச்செருகல்; மாவட்டமே 1997-இல்தானே வந்தது? இக்கருதுகோளுக்கு வலுவான ஆதரவும் உண்டு (கொல்லிமலை பஸ்ஸின் பின்சீட்டுப் பெரியவர், மொத்தம் 70 கொண்டை ஊசி வளைவுகளில் 43-இல் தொடங்கி 51-இல் முடித்த விளக்கம், பக்கத்து சீட்டில் ஒருவர் வாந்தி எடுத்ததால் நடுவில் சில வரிகள் சிதைந்துள்ளன). 'கொழும்பு'க்கும் மிகுதி நான்கே வருகிறது. இச்சான்று இடமின்மை கருதி விடப்பட்டது.

இனி, பரிகாரம். ரைட் கிளிக் செய்து ரெஃப்ரெஷ் கொடுப்பது நம்மவர் மரபு. திரையில் உள்ள ஐகான்களை மறுபடி வரைவதற்கு மேல் அது எதுவும் செய்வதில்லை. அதனால் மரபுக்குப் பங்கம் ஒன்றுமில்லை. தம்பி விடாமல் கொடுத்தார். சதுரங்கள் முன்னிலும் பளிச்சென்று வந்தன.

உண்மையான வழி கண்ட்ரோல் பேனலில் இருக்கிறது. மொழிகள் பகுதியில் ஒரு சின்னக் கட்டத்தில் டிக் அடித்தால் தமிழுக்கான 'லதா' ஃபாண்ட் வந்துவிடும், கொம்பும் தன் இடத்துக்குப் போய்விடும். டிக் அடித்தோம். எக்ஸ்பி சிடியைப் போடு என்றது கணினி. சிடி, கடைக்காரர் வீட்டுக் கொய்யா மரத்தில் கிளி விரட்டத் தொங்கிக்கொண்டிருக்கிறது. இறக்க அவருக்கு மனமில்லை, காய்க்கும் பருவமாம்.

ஆகவே மனு சதுரங்களோடே பிரிண்ட் ஆனது. வாங்கிப் பார்த்த மனுதாரர் முகத்தில் எந்தக் குழப்பமும் இல்லை. பால்பாயிண்ட் பேனாவை எடுத்து, ஊர்ப்பெயர் வரிசையில் கட்டத்துக்கு ஓர் எழுத்தாக, சே, ந், த என்று நிதானமாக நிரப்பிக்கொண்டு போனார்.

நான்கு கட்டம் காலியாக இருக்கிறதென்று ஆபீஸில் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.