எக்செல் வேட்டைக்காரர்

கலிபோர்னியாவில் வீட்டை விற்று, அந்தப் பணத்தில் டெக்சஸில் அதைவிடப் பெரிய வீடு வாங்கி, மிச்சத்தை வங்கியில் போட்டவர்கள் ஒரு தனி இனம். ஆஸ்டினுக்கு வடக்கே ரவுண்ட் ராக், சீடர் பார்க் பக்கம் போனால் இவர்களைத் தடுக்கி விழாமல் நடக்க முடியாது. வந்த முதல் வருடம் பூட்ஸும் பிக்கப் வண்டியும் வாங்குவார்கள். கொல்லையில் மாட்டிறைச்சிக்குப் புகைபோட ஓர் இரும்பு அடுப்பும் வந்து இறங்கும். இரண்டாம் வருடம் மான் வேட்டைக்கு ஒரு ரைஃபிள். மூன்றாம் வருடம் அந்த ரைஃபிளின் முனையில் மாட்ட ஒரு சைலன்சர். நாம் பார்க்கப்போவது மூன்றாம் வருடத்துக்காரரை.

சைலன்சர் எதற்கு என்று கேட்டால் காதைத் தொட்டுக் காட்டுவார். உண்மைக் காரணம் வேறு. அமெரிக்காவில் எட்டு மாநிலங்களில் பொதுமக்கள் சைலன்சர் வைத்திருக்கக் கூடாது. கலிபோர்னியா அவற்றில் ஒன்று. மற்ற 42 மாநிலங்களில் முறைப்படி பதிவு செய்து வைத்துக்கொள்ளலாம். பழைய ஊரில் சிறைக்கு அனுப்பும் ஒரு பொருளைப் புதிய ஊரில் ரசீதோடு வாங்கலாம் என்றால் எந்த மனிதனுக்குத்தான் கை சும்மா இருக்கும்?

ஆனால் அவர் காட்டும் காதும் பொய்யில்லை. ஒரு ரைஃபிள் வெடிக்கும் சத்தம் 160 டெசிபலைத் தாண்டும். 140க்கு மேலே போனால் ஒரே வெடிகூட உள்காதின் நுண்மயிர் உயிரணுக்களைக் கெடுத்துவிடலாம். அவை மறுபடி முளைப்பதில்லை. நல்ல சைலன்சர் இந்தச் சத்தத்தில் 20 முதல் 35 டெசிபல் வரை விழுங்கும். மிச்சம் 130 சொச்சம். சினிமாவில் வில்லன் சுட்டால் ‘புஸ்’ என்று ஒரு சோடாப் புட்டி திறக்குமே, அந்த விஷயமே இங்கே கிடையாது. போதாக்குறைக்கு, .308 தோட்டா நொடிக்கு 800 மீட்டர் வேகத்தில் பறக்கிறது. ஒலியின் வேகம் ஏறத்தாழ 340. ஒலியை முந்தும் தோட்டா வழியெல்லாம் சாட்டை சொடுக்கிக்கொண்டே போகும். குழல் முனையில் எதை மாட்டினாலும் அந்தச் சொடுக்கு நிற்காது. நம் ஆளுக்கு இதெல்லாம் தெரியும். கேட்காமலே நமக்கும் சொல்வார்.

அவர் ஒரு மென்பொருள் மேலாளர். ஆகவே சைலன்சர் வாங்க வேண்டும் என்று தோன்றியதும் அவர் செய்த முதல் காரியம் எக்செல் தாள் ஒன்றைத் திறந்தது. குறுக்கே பத்திகள்: எடை, நீளம், உலோகம், விலை, டெசிபல் குறைப்பு, பின்னழுத்தம், மரை அளவு, உத்தரவாதம். கீழே வரிசையாகச் சந்தையில் உள்ள சைலன்சர்கள் அத்தனையும். பச்சைக் கட்டம் நல்லது, சிவப்புக் கட்டம் கெட்டது. எல்லாக் கட்டங்களும் பச்சையாக ஒரு வரிசை வந்தால் வாங்கிவிடுவதாக முடிவு. அப்படி ஒரு வரிசை இன்றுவரை வரவில்லை. வராது. எடையைக் குறைத்தால் சத்தம் கூடும். சத்தத்தைக் குறைக்க உள்ளே இடம் வேண்டும், நீளம் கூடும். நீளம் கூடினால் மான் பரணின் ஜன்னலில் இடிக்கும்.

உலோகம் என்ற பத்தியிலேயே ஒரு மழைக்காலம் போயிற்று. தைட்டானியம் லேசானது, ஆனால் அடுக்கடுக்காகச் சுட்டுச் சூடேறினால் பொறி பறக்கும், வலுவும் குறையும். இன்கோனெல், ஸ்டெல்லைட் என்ற உலோகக் கலவைகள் சூட்டுக்கு அசராதவை, ஆனால் கனம். அவருக்கு 340 கிராம் தைட்டானியமா, 480 கிராம் எஃகா என்பதில் தூக்கம் போயிற்று.

“அந்த 140 கிராம் குழல் முனையில் தொங்குது, தெரியுமா? நெம்புகோல் தத்துவம்” என்றார் மனைவியிடம்.

“ஹனி, நீ அந்த ஸ்மோக்கர் வாங்கின நாளிலிருந்து ஒன்பது கிலோ கூடியிருக்கே. அது எந்தத் தத்துவம்?” என்றார் அந்த அம்மாள், நிமிராமலே.

தாளை எடுத்துக்கொண்டு சனிக்கிழமைதோறும் துப்பாக்கிக் கடைக்குப் போவார். அங்கே கவுண்டரில் சாய்ந்து நிற்பவர்கள் எதையும் வாங்க வருவதில்லை. ஆலோசனை சொல்ல வருகிறார்கள். அவர்களில் மூன்று சம்பிரதாயங்கள் உண்டு.

முதல் சம்பிரதாயம், “.22க்குத்தான் முதலில் வாங்கணும்” என்பது. அதிலும் நியாயம் இருக்கிறது. .22 தோட்டா சின்னது, மலிவு. ஒலியை முந்தாத வகையில் கிடைக்கிறது. அதில் மாட்டினால்தான் சைலன்சர் உண்மையிலேயே சைலன்சராக நடந்துகொள்ளும். என்ன, அந்தத் தோட்டாவின் ஈயக்கழிவு உள்ளே படியும். பிரித்துத் துடைக்கும்படியானதாகப் பார்த்து வாங்க வேண்டும். இரண்டாம் சம்பிரதாயம், “.30 ஒன்று வாங்கு, எல்லாத்திலும் மாட்டு” என்பது. பெரிய துளையில் சின்னத் தோட்டா போகும். சத்தம் கொஞ்சம் கூடுதலாகக் கேட்கும், அவ்வளவுதான். தலைகீழாகச் செய்தால் சைலன்சரும் போகும், வேறு என்னென்னவோ போகும். மூன்றாம் சம்பிரதாயம், “ஒவ்வொரு துப்பாக்கிக்கும் தனித்தனியாக ஒன்று” என்பது. இதைக் கடைக்காரர் மறுத்து யாரும் கேட்டதில்லை.

இவர்களுக்கு நடுவே சரித்திரம் சொல்லும் ஒரு கிழவரும் உண்டு. சைலன்சரைக் கண்டுபிடித்த ஹைரம் பெர்சி மேக்சிம், இயந்திரத் துப்பாக்கியைக் கண்டுபிடித்த ஹைரம் மேக்சிமின் மகன் என்பார். அப்பா உலகத்தின் காதைச் செவிடாக்கினார், பிள்ளை 1909இல் காப்புரிமை வாங்கிப் பிராயச்சித்தம் செய்தார். தியடோர் ரூஸ்வெல்ட்கூடத் தம் வின்செஸ்டரில் ஒன்றை மாட்டியிருந்தார். நார்வேயிலும் பின்லாந்திலும் சைலன்சரோடு வேட்டைக்குப் போவது சர்வ சாதாரணம். இவ்வளவையும் சொல்லிவிட்டு, “என்ன?” என்று காதின் பின்னால் கையைக் குவிப்பார். அறுபது வருடம் வெறுங்காதோடு மான் சுட்டவர். அந்தக் கடையில் சைலன்சருக்கு அவரைவிட நல்ல விளம்பரம் கிடையாது. அதை யாரும் அவரிடம் சொல்வதில்லை, சொன்னாலும் கேட்காது.

கவுண்டருக்கு அந்தப் பக்கம் நிற்பவர் அதிகம் பேசாதவர். பல வாரம் இந்தத் தாளைப் பார்த்தும் கொட்டாவியை அடக்கியும் பழகியவர், ஒருநாள் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“சார், உங்க ரைஃபிள் குழல்ல மரை இருக்கா?”

நம் ஆள் தாளைப் பார்த்தார். அத்தனை பத்திகளில் அந்தக் கேள்விக்கு ஒரு பத்தி இல்லை. சைலன்சர்களின் மரை எல்லாம் அவருக்கு மனப்பாடம்: .223க்கு அரை அங்குல விட்டம், அங்குலத்துக்கு 28 மரை; .308க்கு 5/8 அங்குலம், 24 மரை; எந்தத் தயாரிப்பாளரின் பிடியும் பொருந்தும்படி பின்பக்கம் 1.375 அங்குலத்தில் ‘ஹப்’ என்ற பொதுமரை வைத்துச் சமீபகாலமாகச் செய்கிறார்கள் என்பதுவரை. தம் வீட்டு அலமாரியில் நிற்கும் ரைஃபிளின் மூக்கைத்தான் அவர் பார்த்ததில்லை. போய்ப் பார்த்தார். மழமழவென்று இருந்தது.

மரை வெட்டித் தரத் துப்பாக்கிப் பட்டறைகள் இருக்கின்றன. ஆனால் மரை வெட்டுவது கொஞ்சம் கோணினாலும் சைலன்சர் கோணும். தோட்டா உள்தட்டில் உரசும். அதைப் பற்றிப் படித்த இரவே அவர் தீர்மானித்துவிட்டார்: மரையோடு வரும் புது ரைஃபிள். அந்த வட்டாரத்தில், சைலன்சரை மாட்டும் துப்பாக்கிக்கு ‘ஹோஸ்ட்’ என்று பெயர். அதாவது விருந்தினருக்கு வீட்டைக் கொடுப்பவர். இன்னும் வராத விருந்தாளிக்காக அவர் முதல் வீட்டைக் கட்டினார்.

அன்று அவர் அந்தப் புது ரைஃபிளைக் கையில் வைத்துக்கொண்டு எடை பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோதுதான் லானோ ஊர்ப் பக்கத்திலிருந்து ஓர் அம்மாள் வந்தார். வயது எழுபது இருக்கும். பூட்ஸில் உண்மையான சாணம்.

“ராத்திரி பன்னி வந்து புல்வெளியை உழுதுட்டுப் போகுது. சுட்டா மாடு வேலியில போய் விழுது. நாய் டிரக்குக்கு அடியில புகுந்துட்டா ரெண்டு நாளைக்கு வர்றதில்லை. சைலன்சர் ஒண்ணு வேணும்.”

“என்ன துப்பாக்கி, மேடம்?”

“போல்ட் ஆக்‌ஷன், .308. முனையில மரை இருக்கு. மகன் பார்த்துச் சொன்னான். 5/8, 24.”

“எவ்வளவு சுடுவீங்க?”

“வாரத்துக்கு மூணு, நாலு. தோட்டா விக்கிற விலைக்கு அதுக்கு மேல யார் சுடுறது?”

“அப்ப தைட்டானியம் போதும். இது நேரா மரையில திருகுறது. சூட்டுல கொஞ்சம் தளரும், அப்பப்ப முறுக்கிக்குங்க.”

அம்மாள் கையில் வாங்கித் தூக்கிப் பார்த்தார். சரி என்றார். அது 2025ஆம் வருட இலையுதிர்காலம். இன்னும் வரி இருந்தது. 1934இன் தேசியச் சுடுகருவிச் சட்டம் ஒவ்வொரு சைலன்சர் கைமாறும்போதும் 200 டாலர் வரி விதித்தது. அந்தக் காலத்தில் அது பொருளின் விலையைவிடப் பல மடங்கு. வாங்கவே கூடாது என்பதற்காகப் போட்ட வரி. தொண்ணூறு வருடம் ஒரு காசு கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை. 2026 ஜனவரி 1 முதல் சுழியம் என்று அந்தக் கோடையில் சட்டம் வந்திருந்தது.

“மேடம், ரெண்டு மாசம் பொறுத்தா 200 டாலர் மிச்சம்” என்றார் நம் ஆள், தாளை நீட்டியபடி.

“பன்னி பொறுக்காது” என்றார் அம்மாள், பேனாவை எடுத்துக்கொண்டே.

அவர் போன பிறகு நம் ஆள் கடைக்காரரிடம் குனிந்து, “டெசிபல் என்னன்னுகூடக் கேட்கலை, பார்த்தீங்களா?” என்றார். கடைக்காரர் பார்த்திருந்தார்.

ஜனவரியில் நம் ஆளும் ஒருவழியாக வாங்கினார். எல்லாக் கட்டங்களும் பச்சையானதால் அல்ல. முதலிடத்தில் இருந்த மூன்றும் விற்றுத் தீர்ந்து, நான்காவதுதான் கடையில் இருந்தது. வரி மிச்சமானதைத் தம் திட்டமிடல் என்று சொல்லிக்கொண்டார். ஆனால் வரி போனதே தவிர, பதிவு போகவில்லை. படிவம், பாஸ்போர்ட் அளவுப் படம், பத்து விரல் ரேகை, உள்ளூர்க் காவல் தலைமைக்கு ஒரு நகல் எல்லாம் அப்படியே இருந்தன. தனி ஆளாக விண்ணப்பித்திருக்கலாம். அவரோ அறக்கட்டளை வழி போனார். அதில் பொறுப்பாளராக உள்ள எவரும், அவர் பக்கத்தில் இல்லாதபோதுகூட, அதைச் சட்டப்படி வைத்துக்கொள்ளலாம். அருமையான ஏற்பாடு. ஒரே சிக்கல், 2016 முதல் அதில் பொறுப்பாளராக உள்ள ஒவ்வொருவரும் விரல் ரேகை தர வேண்டும். மனைவி தந்தார். மச்சான் மட்டும் ஒவ்வொரு வாரமும் ஒரு சாக்குச் சொன்னார். மச்சானின் பழைய வாழ்க்கையைப் பற்றி அந்தக் குடும்பம் அதுவரை யோசித்ததே இல்லை. கடைசியில் அறக்கட்டளைப் பத்திரத்திலிருந்து மச்சான் நீக்கப்பட்டார். ஞாயிற்றுக்கிழமை விருந்திலிருந்தும் தாமாகவே நீங்கினார்.

ஒப்புதல் வரும்வரை சரக்கு கடையை விட்டு வெளியே வரக் கூடாது. இதற்கு அந்த வட்டாரத்தில் ‘ஜெயில்’ என்று பெயர். முன்பெல்லாம் எட்டு மாதம், ஒன்பது மாதம், சமயத்தில் ஒரு வருடம். இப்போது எல்லாம் இணைய வழி, சில நாள்களிலேயே முடிந்துவிடுவதும் உண்டு. கடையோடு சுடுதளம் இருந்தால், காத்திருக்கும் காலத்தில் கடைக்காரர் கண் முன்னால் அதை மாட்டிச் சுட்டுப் பார்க்கலாம். ஆயுள் கைதியைப் பார்க்க வரும் மனைவியின் உரிமைக்கு என்ன பெயரோ, அதையே இதற்கும் வைத்திருக்கிறார்கள். நம் ஆளும் போனார். கண்ணாடிப் பெட்டியிலிருந்து எடுத்துத் தந்ததை இரண்டு கையாலும் வாங்கினார். அன்று சுட்டதைவிடத் தடவியது அதிகம்.

விடுதலையாகி வீட்டுக்கு வந்தது. புது ரைஃபிளில் பத்துத் தோட்டா சுட்டதும் சைலன்சரின் சூட்டில் தொலைநோக்கி முன்னால் கானல் ஆடியது, குறி நெளிந்தது. அதற்கு ஓர் உறை வாங்கினார். எல்லாத்திலும் மாட்டலாம் என்றார்களே என்று நண்பரின் ஏஆர்-15இல் மாட்டினார். தானே தோட்டா ஏற்றிக்கொள்ளும் அந்த வகைத் துப்பாக்கியில் சைலன்சர் தடுத்த வாயுவில் ஒரு பங்கு பின்னால் திரும்பி வரும். நம் ஆள் இடதுகைக்காரர். தோட்டாக்கூடு வெளியேறும் வாய் அவர் முகத்துக்கு நேரே இருக்கிறது. ஒரு தடவை சுட்டார். கண்ணைத் திறக்க முடிந்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை, “பின்னழுத்தம்.” வாயுவை முன்பக்கமாகவே வெளியேற்றும் வடிவமைப்புகள் இருக்கின்றன. அவற்றுக்கு எக்செலில் இரண்டாவது தாள் திறந்தாயிற்று. அதற்குத் தோதான ஹோஸ்ட் ஒன்றும் வாங்க வேண்டியிருக்கும். காதில் இன்னமும் காதடைப்பான் வைத்துக்கொண்டுதான் சுடுகிறார். 130 டெசிபலுக்கு அதுதான் முறையும்கூட.

இரண்டாவது சைலன்சருக்காக அவர் கவுண்டரில் தாளை விரித்திருந்த ஒரு சனிக்கிழமை, லானோ அம்மாள் தோட்டா வாங்க வந்தார். நம் ஆள் விடவில்லை.

“மேடம், அந்தச் சைலன்சர் எப்படி? சத்தம் எவ்வளவு குறைஞ்சுது?”

“சத்தமா? அதை யார் கவனிச்சா? பன்னி விழுந்துச்சு. நாய் ஓடலை.”

பணத்தைக் கொடுத்துவிட்டு அம்மாள் போய்விட்டார். நம் ஆள் கொஞ்ச நேரம் யோசனையாக நின்றார். பிறகு வாகன நிறுத்தம்வரை ஓடிப்போய், அது என்ன ஜாதி நாய், என்ன வயது என்று கேட்டுவந்தார். அன்றிரவு எக்செல் தாளில் புதிதாக ஒரு பத்தி சேர்ந்தது. தலைப்பு: நாய்.