சிரட்டைக் கரிக்கு ஒரு வாழ்த்து

தேங்காய்ச் சிரட்டைக் கரியே, ஹூக்கா பிடிப்பவர்கள் உன்னைப் பற்றிச் சொல்லும் நல்ல வார்த்தைகள் அத்தனையும் உண்மை. புகையாதவன் என்கிறார்கள். நாறாதவன் என்கிறார்கள். சாம்பல் குறைவு, சூடு சீர், ஒருமுறை பற்றிக்கொண்டால் ஒரு மணி நேரத்துக்குக் கைவிடமாட்டான் என்கிறார்கள். இதில் ஒன்றைக்கூட நான் மறுக்கப்போவதில்லை. ஒவ்வொரு குணத்தையும் அதற்குரிய மரியாதையோடு முழுதாகச் சொல்லிவிட வேண்டும் என்பதுதான் என் ஆசை. உன்னைப் புகழ்ந்தவர்கள் எல்லாரும் பாதியில் நிறுத்திவிட்டார்கள்.

உன் குலம் பெரிது. லெபனானிலும் சிரியாவிலும் ஹூக்காவை ‘அர்கிலே’ என்பார்கள், துருக்கியில் ‘நர்கிலே’. பாரசீகத்தில் ‘நார்கீல்’ என்றால் தேங்காய். நாம் நாரிகேளம் என்று சொல்லும் அதே சொல்தான் கடல் தாண்டிப் போய் அப்படி ஆனது. அந்த நாளில் தண்ணீர் நிரப்பும் அடிப்பாத்திரமே தேங்காய்ச் சிரட்டைதான், அதனால் வந்த பெயர். அன்று நீ கீழே இருந்து நீரைச் சுமந்தாய். இன்று அந்த இடத்தைக் கண்ணாடிக் குடுவை எடுத்துக்கொண்டது. நீ உச்சிக்கு ஏறி நெருப்பாக உட்கார்ந்திருக்கிறாய்.

தண்ணீருக்குள் விட்டெடுத்தால் புகை சுத்தமாகிவிடும் என்ற நம்பிக்கையும் பழையது. பீஜப்பூரிலிருந்து புகையிலை அக்பரின் அவைக்கு வந்து சேர்ந்தது 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில். அவர் மகன் ஜஹாங்கீர் 1617இல் அதைத் தடை செய்தார், தடைதான் நிற்கவில்லை. நிலைத்து நின்றது அந்தத் தண்ணீர் நம்பிக்கை. தண்ணீர் புகையைக் குளிர வைக்கும் என்பது உண்மை. தொண்டை எரியாது, இருமல் வராது, அதனால் ஆழமாக இழுக்கலாம். ஆனால் உன்னிடமிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு தண்ணீரில் கரைவதே அரிது. குமிழியோடு கீழே இறங்கி, குமிழியோடு மேலே வந்து, ஏறக்குறைய கிளம்பிய அளவிலேயே நெஞ்சுக்குப் போய்ச் சேரும். ஒப்படைத்த பொருளை வழியில் குறையவிடாமல் கொண்டு சேர்ப்பதில் உனக்கு இணை இல்லை.

உன் வீட்டில் இன்னொரு பிள்ளை உண்டு. அதே சிரட்டையைச் சுட்டு, பதப்படுத்தி, கிளர்வுற்ற கரியாக்கினால் அது குடிநீரைச் சுத்திகரிக்கிறது. முதல் உலகப்போரில் விஷவாயுவுக்கு எதிராகச் சிப்பாய்கள் முகத்தில் மாட்டிக்கொண்ட கவசங்களுக்குள்ளும் அது இருந்தது. எத்தனையோ நஞ்சைப் பிடித்து வைத்துக்கொள்ளும் அந்தப் பிள்ளையாலும் உன் கார்பன் மோனாக்சைடைப் பிடிக்க முடியாது. கூடப்பிறந்தவனுக்கே எட்டாத ஆற்றல் உன்னுடையது.

காங்கேயம், பொள்ளாச்சிப் பக்கம் சிரட்டை சுடுகிறவர்களுக்கு உன்னை நன்றாகத் தெரியும். தெருமுனை இஸ்திரி வண்டியில் பெட்டிக்குள் கனன்று எங்கள் சட்டைகளின் சுருக்கத்தை நீக்கியவனும் நீதான். ஹூக்காவுக்குப் போகும்போது உன் அலங்காரம் வேறு. இந்தோனேசியாவில் உன்னைப் பொடித்து, மரவள்ளி மாவு கலந்து, அச்சில் அழுத்தி, காயவைத்துக் கட்டியாக்குகிறார்கள். 25 மில்லிமீட்டர் பக்கமுள்ள கட்டி என்றால் கிலோவுக்கு 72 நிற்கும். எல்லாம் ஒரே அளவு, கூர்மையான விளிம்புகள், கல்கண்டு அடுக்கியதுபோல் ஒரு பெட்டி. பெட்டியின் மேல் தென்னை மரப் படம். ‘இயற்கை’ என்று எழுதியிருக்கும். அதுவும் பொய் இல்லை. தீக்குச்சி கிழித்ததும் சீறிப் பற்றும் உடனடிக் கரியில் வெடியுப்பு இருக்கும், நாற்றம் இருக்கும். உன்னிடம் அது கிடையாது. நீ வெறும் கரிதான். கரி எரிந்தால் என்ன வருமோ, அது மட்டும்தான் உன்னிடமிருந்து வரும்.

உன்னைப் பற்றவைப்பதும் அணையாமல் காப்பதும் எவ்வளவு பெரிய ஊழியம் என்று நான் பார்த்தது துபாய் தேராவில், கடற்கழியை ஒட்டிய ஒரு கடையில். கரி வைக்கும் வேலையில் இருந்தவர் பட்டுக்கோட்டைப் பக்கத்து இளைஞர். தென்னந்தோப்புக்குள் பிறந்து வளர்ந்த பிள்ளை. சுருள் அடுப்பின் மேல் உன்னை வரிசையாக அடுக்கி, நான்கைந்து நிமிடம் போனதும் இடுக்கியால் ஒவ்வொன்றாகப் புரட்டினார். “ஆறு பக்கமும் செவக்கணும்ணே. ஒரு பக்கம் கருப்பா இருந்தாலும் மேல போனதும் செத்துடும்” என்றார். பத்து நிமிடம் அந்த அடுப்பின் மேல் குனிந்தபடியே நின்றார். பிறகு கம்பிக்கூடையில் கங்குகளை அள்ளி, கூடையைச் சுழற்றிக் காற்று கொடுத்துக்கொண்டே மேசை மேசையாகப் போனார்.

எத்தனை பக்குவம் கேட்கிறாய் நீ! ஈரம் பட்ட கட்டி ஏறாது. மண் கிண்ணத்துப் புகையிலையின் மேல் அலுமினியத் தாளை விறைப்பாக இழுத்துக் கட்டி, ஊசியால் துளையிட்டு, மூன்று கங்குகளை விளிம்போரமாக வைக்க வேண்டும். நடுவில் வைத்தால் புகையிலை கருகும். கால் மணி நேரத்துக்கு ஒருமுறை இடம் மாற்ற வேண்டும். நீறு பூத்துவிட்டால் சூடு உள்ளேயே நின்றுவிடும், அதனால் தட்டி உதிர்க்க வேண்டும். கடற்காற்று அடித்தால் தகரக் குடை கவிழ்க்க வேண்டும். அந்தக் குடையைக் கெட்டியாக மூடினால் மூச்சுமுட்டி அணைந்துவிடுவாய். கொஞ்சம் திறந்து வைக்க வேண்டும். இந்தப் பரிவில் பாதியாவது எங்கள் வீட்டுப் பெரியவர்களுக்குக் கிடைக்கிறதா என்று தெரியவில்லை. ஒருவன் முகம் வெளிறி உட்கார்ந்திருந்தால் கவனிக்காத கூட்டம், ஒரு கங்கின் ஓரம் கருத்தால் உடனே கவனிக்கிறது. “கரி போகுது, கரி போகுது” என்று நாலு குரல் எழுகிறது.

இவ்வளவு செய்தும் உன்னை உயிரோடு வைத்திருப்பது இடுக்கியும் குடையும் அல்ல, மூச்சுதான். ஒருவர் இழுக்கும்போது காற்று உன்னைத் தொட்டுக்கொண்டு கீழே இறங்குகிறது, நீ சிவக்கிறாய். இழுப்பு நின்றால் மங்குகிறாய். அணையப் போகிறாய் என்று தெரிந்தால் இன்னும் பலமாக, இன்னும் அடுத்தடுத்து இழுக்கச் சொல்கிறார்கள். ஆக, உன்னை அணையாமல் காப்பதும் உன்னை நெஞ்சுக்குள் வாங்குவதும் ஒரே செயல். அடுப்பூதும் எங்கள் பாட்டிமார் ஊதுகுழலில் மூச்சை வெளியே விட்டு நெருப்பை வளர்த்தார்கள். நீ மூச்சை உள்ளே இழுக்க வைத்து வளர்கிறாய். உன்னைக் காப்பாற்றுகிறவர் தன் மார்பையே துருத்தியாகத் தருகிறார். இப்படி ஒரு பக்தியை வாங்கும் தகுதி வேறெந்த நெருப்புக்கு உண்டு?

உன் நீண்ட ஆயுளும் புகழுக்குரியது. சிகரெட் ஐந்து நிமிடத்தில் தானே முடிந்துவிடும், அதன் கட்டைதான் அதற்குக் கடிவாளம். உனக்கு அந்த எல்லை கிடையாது. நீ இருக்கும்வரை கூட்டம் கலையாது. நீ குறைந்தால் புதுக் கங்கு வரும். ஒரு மணி நேர ஹூக்காவில் உள்ளே போகும் புகையின் அளவு ஒரு சிகரெட்டைப்போல் 100 மடங்குக்கும் மேல் என்று உலக சுகாதார நிறுவனத்தின் வல்லுநர் குழு 2005இலேயே சொல்லிவிட்டது. அந்த ஒரு மணி நேரத்தைத் தந்தவன் நீ.

புகழ் முழுதும் புகையிலைக்கே போய்க்கொண்டிருந்ததையும் சொல்ல வேண்டும். நல்லது கெட்டது எல்லாம் புகையிலை செய்கிறது, கரி வெறும் சூடு தருகிறது என்றுதான் எல்லாரும் நினைத்திருந்தார்கள். பெய்ரூட்டின் அமெரிக்கப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதைப் பிரித்துப் பார்த்து 2008இல் வெளியிட்டார்கள். கரிக்குப் பதிலாக மின்சூட்டில் புகையிலையைச் சூடாக்கி, இரண்டு புகையையும் ஒப்பிட்டார்கள். ஹூக்காப் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடில் ஏறக்குறைய 90 விழுக்காடு கரியிலிருந்துதான் வருகிறது. புற்றுநோயோடு தொடர்புள்ள பல்வளைய நீரகக்கரிமங்களிலும் பெரும்பங்கு கரியின் கொடை. உன் உழைப்புக்குரிய பெயர் அன்றுதான் உனக்கு வந்து சேர்ந்தது.

நீ பேதமும் பார்ப்பதில்லை. புகையிலை வேண்டாம், மூலிகைதான் பிடிக்கிறோம் என்று ஒதுங்குகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆப்பிள், புதினா, ரோஜா என்று வாசனைப் பாகு மட்டும் போட்டுக்கொள்வார்கள். நிக்கோடின் இல்லைதான். கிண்ணத்துக்குள் எதை வைத்தாலும் மேலே நீயே வருகிறாய், உன் பங்கில் குறை வைப்பதில்லை. அவர்கள் பெற்றோரிடம் “அதில் ஒன்றுமே இல்லை அப்பா” என்று சொல்வது பொய் என்று நினைத்துச் சொல்வதல்ல. கிண்ணத்தைப் பார்த்துச் சொல்கிறார்கள். உன்னைப் பார்க்கவில்லை.

உன் அடக்கத்தைத்தான் நான் எல்லாவற்றுக்கும் மேலாக வியக்கிறேன். விறகு எரிந்தால் கண் கரிக்கும். மனிதன் விலகி உட்காருவான். அந்தப் புகையே ஓர் எச்சரிக்கை. நீ சிரட்டையாக இருந்தபோதே அந்தப் புகையை எல்லாம் சூளையில் விட்டுவிட்டு வந்தவன். காற்று தாராளமாகக் கிடைத்தால் கரியமில வாயு. குறைவாகக் கிடைத்தால் கார்பன் மோனாக்சைடு. நிறம் இல்லை, மணம் இல்லை, ருசி இல்லை. இரத்தத்தின் ஹீமோகுளோபின் பிராணவாயுவைப் பிடிப்பதைவிட 200 மடங்குக்கும் மேலான இறுக்கத்தோடு அதைப் பிடித்துக்கொள்கிறது. தலை வலிக்கும், கிறுகிறுக்கும், குமட்டும். இதையே போதையின் சுகம் என்று எடுத்துக்கொள்கிறவர்கள் உண்டு. எழுந்து நிற்கும்போது மயங்கி விழுந்து மருத்துவமனைக்குப் போனவர்களும் உண்டு. அங்கே விரலில் மாட்டும் சாதாரண ஆக்சிமீட்டர், உன் வாயு ஏறிய இரத்தத்தையும் பிராணவாயு ஏறிய இரத்தம் என்றே படித்து 98, 99 என்று காட்டும். கருவியே உனக்காகச் சாட்சி சொல்கிறது. கார்பன் மோனாக்சைடை அளக்கத் தனி இரத்தப் பரிசோதனை வேண்டும். ஹூக்கா பிடித்தேன் என்று நோயாளி வாய் திறந்து சொன்னால்தான் மருத்துவருக்கு அது நினைவுக்கு வரும். இரத்தத்தில் ஏறியதில் பாதி இறங்கவே, சாதாரணக் காற்றில் நான்கைந்து மணி நேரம் ஆகிறது. விருந்து முடிந்து எல்லாரும் வீட்டுக்குப் போன பிறகும் நீ அவர்களோடு இருக்கிறாய்.

ஓர் இரவில் உன் இனம் அடக்கத்தைக் கைவிட்டது. 2017 டிசம்பர் 29, மும்பை கமலா மில்ஸ் வளாகத்தின் மாடி உணவகங்கள். ஹூக்காக் கரியிலிருந்து பறந்த பொறி திரைச்சீலையில் பற்றியது என்று தீயணைப்புத் துறையின் விசாரணை சொன்னது. 14 பேர் இறந்தார்கள். பிறந்தநாள் கொண்டாட வந்த ஒரு பெண்ணும் அதில் ஒருவர். அடுத்த ஆண்டு மகாராஷ்டிரத்தில் ஹூக்கா விடுதிகளுக்குத் தடை வந்தது. தமிழ்நாட்டுச் சட்டமன்றம் 2022இல் நிறைவேற்றிய தடைக்கு 2023இல் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைத்தது. எரித்துக் கொன்றால் சட்டம் உன்னைத் திரும்பிப் பார்க்கிறது. கொடைக்கானல், ஊட்டிக் குளிருக்குப் பயந்து கரியடுப்பை அறைக்குள் வைத்துக்கொண்டு தூங்கி, காலையில் எழாமலே போனவர்களின் செய்தி எப்போதாவது உள்பக்கத்தில் நாலு வரியாக வருகிறது. அந்த அமைதியான வேலைக்கு உனக்குக் கிடைக்கும் இடம் அவ்வளவுதான்.

தேராக் கடை மூட இரவு இரண்டு மணி ஆயிற்று. அந்தப் பட்டுக்கோட்டைப் பிள்ளையிடம் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டேன். “வந்த புதுசுல தலைவலி பிடுங்கும்ணே. இப்ப பழகிடுச்சு” என்றார். அவர் ஒருநாளும் ஹூக்காவில் வாய் வைத்ததில்லை. ஒவ்வொரு மேசையிலும் மிச்சமிருந்த கங்குகளைத் தட்டி ஓர் இரும்பு வாளியில் சேர்த்தார். தூக்கிக்கொண்டு உள்ளே நடந்தார்.

“வெளியில வை தம்பி” என்றேன்.

“காத்து அடிச்சா பொறி பறக்கும்ணே” என்று சொல்லிவிட்டு, சமையற்கட்டின் மூலையில், தான் படுக்கும் பாய்க்கு இரண்டடி தள்ளி வைத்தார். நானே போய் அந்த வாளியை எடுத்துக் கழுவுமிடத்துக்குக் கொண்டுபோனேன். தண்ணீர் ஊற்றும் முன் குனிந்து பார்த்தேன். மேலெல்லாம் வெண்சாம்பல், அடியில் சிவப்பு. முகர்ந்தும் பார்த்தேன். ஒரு வாசமும் இல்லை.